நீலச் சாக்பீஸும் இடது கையும்

கோலப்பன் ஜவுளிக்கடைக்கு வருகிற பெண்கள் புடவையைப் பையிலிருந்து முழுவதும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. ஒரு முனை தெரிந்தால் போதும். சுசீலாபாய் அதை ஒரு தடவை பார்ப்பாள், திரும்புவாள், ப்ளவுஸ் துணி அடுக்கிலிருந்து ஒன்றை உருவிப் போடுவாள். பொருந்திவிடும். சந்தேகம் தீராதவர்கள் துணியைச் சாலைக் கம்போளக் கடைத்தெரு வெயிலுக்குக் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து பில் போடச் சொல்வார்கள். பச்சையில் மட்டும் அந்த அலமாரியில் நாற்பத்திரண்டு பச்சை இருந்தது. நாற்பத்திரண்டுக்கும் அவளிடம் பெயர் இருந்தது. கொய்யா இலை, கொய்யாப் பிஞ்சு, பாசி, பாசி காய்ந்தது என்று.

வயது ஐம்பத்தொன்று. பாறசாலையிலிருந்து காலை பாசஞ்சரில் தம்பானூர் வந்து இறங்கி, அங்கிருந்து கடைக்கு நடப்பாள். இருபத்தெட்டு வருடமாக இதுதான். புருஷன் நேசமணி இறந்து ஏழு வருடமாகிறது. ஒரே மகள் ஷாலுவுக்குப் பெங்களூரில் வேலை. பாறசாலை வீட்டில் பகல் பதினோரு மணிக்கு என்னென்ன சத்தம் கேட்கும் என்பதே சுசீலாபாய்க்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவள் அங்கே இருந்ததே இல்லை.

நீரிழிவு வந்து பதினோரு வருடம், இன்சுலின் போட ஆரம்பித்து நான்கு வருடம். ஆரம்பத்தில் சர்க்கரை இறங்கினால் உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடும். கை நடுங்கும், கழுத்தில் வியர்க்கும். சுசீலாபாய் முந்தானைக்குள்ளேயே ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். போன ஒரு வருடமாக உடம்பு எதையும் சொல்வதில்லை. அது சொல்வதை நிறுத்திவிட்டது என்பதைக் கடையில் முதலில் கண்டுபிடித்தவள் ஷெமி.

ஷெமி பக்கத்து செக்ஷனில் நிற்கிற பெண், வள்ளக்கடவுக்காரி. வயது இருபத்தாறு. மலையாளத்தில் யோசித்துத் தமிழில் பேசுவாள், இரண்டையும் சேர்த்துச் சிரிப்பாள். ஒருநாள் காபிப்பொடி நிறப் புடவைக்கு சுசீலாபாய் எடுத்துப் போட்ட துணியைப் பார்த்து அவள் திகைத்துப்போனாள்.

"சேச்சி, இது மெரூன் அல்லே?"

"கண்ணத் தொறந்து பாரு பிள்ளே. காப்பிதான்."

"என்டெ உம்மாவாணே, மெரூனாக்கும்!" என்று உம்மா பெயரில் சத்தியம் செய்தாள் ஷெமி.

சுசீலாபாய் கோபப்பட்டாள். அவள் கோபப்படுகிறவளே அல்ல. சர்க்கரை இறங்கியிருக்கும் என்று ஊகித்த ஷெமி மறுபேச்சுப் பேசாமல் எதிர்க் கடைக்கு ஓடி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தாள். பத்து நிமிடம் கழித்து அந்தத் துணியைப் பார்த்து சுசீலாபாய் தானே சிரித்துவிட்டாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனி மழைக்காலத்தில் அவள் விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மூன்று படி ஏணியின் மேல்படியில் நின்று லைனிங் துணிக் கட்டு ஒன்றை இழுத்தவள், கட்டோடு சேர்ந்து கீழே வந்தாள். விழுந்தது நினைவில்லை. கண் திறந்தபோது முதலாளி கோலப்பன் தரையில் முட்டுக்குத்தி உட்கார்ந்து குளுக்கோஸ் தண்ணீரை அவள் வாயருகே பிடித்திருந்தார். முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. ஆனால் அறுபத்தாறு வயது கோலப்பன் அன்று மறுபடி கல்லாவில் போய் உட்காரவில்லை.

மறுநாள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"இஞ்ச பாரு சுசீலா. நீ விழுந்தப்பம் ஏணிக்கடியில ஒரு கொச்சுப் பிள்ளை நின்னுது. ஒரு சாண் தள்ளி விழுந்த. ஒன் தலைக்கு ஏதாம் ஆச்சுன்னா ஷாலுகிட்ட நான் என்ன சொல்லுகது? போதும்மா. வீட்டுல இரு. மாசா மாசம் ஒண்ணு நான் தந்துருகேன்."

"எதுக்கு மொதலாளி? சும்மா இருக்கதுக்கா?"

"சும்மா இல்ல. ரெஸ்ட்டு."

"ரெண்டும் ஒண்ணுதான. எனக்கு ஓணம் வரைக்கும் டைம் தாங்க."

"ஓணம் வரையா? அந்தத் தெரக்குலயா? அத்தம் வரைக்கும் பாப்பம்." ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் வருகிற அத்தத்தன்று தொடங்குகிற கூட்டத்தில்தான் அந்தக் கடை வருடத்தின் பாதி வியாபாரத்தைச் செய்யும். "அதுக்கெடயில ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி ஒனக்குத் தலை சுத்துனாலும், நானே ஆட்டோ பிடிச்சு ஒன்னைக் கொண்டு தம்பானூர் ஸ்டேஷன்ல விட்ருவேன். சொல்லிட்டேன்."

அவர் சொன்னால் செய்வார் என்பது அவளுக்குத் தெரியும். அன்பினால் செய்வார் என்பதும் தெரியும். 

ஷாலு பெங்களூரிலிருந்து சென்சாருக்கு ஏற்பாடு செய்தாள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வட்டம். அடியில் முடிபோல ஒரு மெல்லிய இழை. அதை மேல்கையின் பின்புறம் அழுத்தி ஒட்டினால் இழை தோலுக்கடியில் இருந்துகொண்டு சர்க்கரை அளவைப் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எழுபதுக்குக் கீழே போனால் போன் அலறும். சுசீலாபாயின் போன் அலறினால் பெங்களூரில் ஷாலுவின் போனும் அலறும். பதினான்கு நாளைக்கு ஒரு சென்சார்.

கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று இருக்கிற சிஸ்டர் கலைச்செல்வி முதலாவதை ஒட்டிவிட்டாள். குழித்துறைக்காரி. வாய் ஓயாமல் பேசுவாள், கை பேச்சுக்கு நிற்காது.

"வயித்துல ஒட்டப்பிடாதா சிஸ்டர்? மறைஞ்சிருக்குமே," என்று சுசீலாபாய் கேட்டாள்.

"வயித்துலதான் இன்சுலின் குத்துதீங்க. அதுவும் போக இந்த மாடலுக்குக் கையோட பின்பக்கந்தான். எந்தக் கை வேணும்?"

"வலது கையில அளப்பேன், கிழிப்பேன், கட்டு எடுப்பேன். எடது கை சும்மாதான் கெடக்கும்."

"அப்பம் எடதுதான்."

சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயும்வரை காத்திருந்து, முத்திரைக் கட்டை போன்ற ஒரு கருவியைத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே பின்பக்கமாக வைத்து கலைச்செல்வி ஓர் அழுத்து அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம். சுசீலாபாய் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் குத்தவில்லையே என்று காத்திருந்தாள். முடிந்துவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அந்தச் சென்சார் ப்ளவுஸோடு சேர்ந்து கழன்று வந்தது. அவள் அதைத் தீப்பெட்டியில் வைத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனாள்.

"எண்ணெ தேச்சீங்களா?" கலைச்செல்வி அதை முகர்ந்தே பார்த்துவிட்டாள்.

"அது மேல தேய்க்கல்ல சிஸ்டர். சுத்திதான் தேச்சேன்."

"சுத்தி எண்ணெ ஊத்த அது என்ன வெளக்கா? கை முழுக்க ஊறிக் கெடக்கு, பசை எங்ஙன நிக்கும்?"

தேங்காய் எண்ணெய் தேய்க்காமல் குளிப்பது சுசீலாபாய்க்குக் குளித்ததாகவே தோன்றாது. ஆனாலும் அன்றிலிருந்து இடது கையை எண்ணெயிலிருந்து விலக்கி வைத்தாள். வலதுக்கும் காலுக்கும் உண்டு, இடதுக்கு இல்லை. இரண்டாவது சென்சாரைக் கலைச்செல்வி பழைய இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒட்டினாள். அது அசையவே இல்லை. அட்டை மாதிரி பிடித்துக்கொண்டது.

பிரச்சினை வேறு வழியாக வந்தது.

மறுநாள் பிற்பகல் இரண்டரை மணி. சாப்பாடு முடிந்து கடை ஓய்ந்திருந்த நேரம். போன் அலறியது. அறுபத்தொன்று. சுசீலாபாய் பதறிப்போய்க் குளுக்கோஸ் பொடியை எடுப்பதற்குள் ஷாலுவின் அழைப்பு வந்துவிட்டது.

"அம்மா! அறுபத்தொண்ணு! குடிச்சியா?"

"எடுக்கேன் மக்களே, நீ போனை வெச்சாத்தான குடிக்க."

"மொதல்ல குடி. குடிக்கற சத்தம் எனக்குக் கேக்கணும்."

கோலப்பன் கல்லாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "என்ன? தலை சுத்துதா?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. எனக்கு ஒண்ணுமே தோணல்ல."

"அதுதான் பயம்," என்றார் அவர். "அண்ணைக்கும் ஒனக்கு ஒண்ணும் தோணல்லதான."

குடித்த கொஞ்ச நேரத்தில் எண் ஏறியது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள். ஆனால் ஏறிய எண் நிற்கவில்லை. மாலை ரயிலில் உட்கார்ந்து பார்த்தால் இருநூற்றுத் தொண்ணூறு. நாக்கு வறண்டு, தலை கனத்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். காலையில் வாடிக்கையாளர்கள் மொய்க்கும்போது, ஏணியில் ஏறி இறங்கும்போது ஒன்றும் இல்லை. கடை ஓய்ந்து, செய்வதற்கு வேலை இல்லாமல் நிற்கும்போது மட்டும் போன் அலறும். ஒருநாள் காலை ரயிலில்கூட அலறியது. உட்கார இடமில்லாமல் நெய்யாற்றின்கரைக்கு அப்பால்வரை நின்றுகொண்டே வந்த நாள் அது. கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புழுக்கம் என்றார் கோலப்பன். ஷெமி, "சேச்சிக்கல்ல, ஆ மெஷினுக்காணு உச்சைக்கு உறக்கம்," என்று பகல் தூக்கத்தை மெஷின்மேல் போட்டாள்.

ஐந்தாம் நாள் கோலப்பன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ஏணியைத் தூக்கி ஷெமியின் பக்கம் கொண்டு வைத்தார். அவ்வளவுதான். சுசீலாபாய் மனதுக்குள் நாளை எண்ணிப் பார்த்தாள்.  அத்தத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. ராத்திரி ஷாலுவும் போனில், "அம்மா, வேண்டாம்மா, விட்டுரு. என்னால ஆபீஸ்ல உக்கார முடியல்ல," என்றாள். மகள் அழுகிறாளா என்று சுசீலாபாய் கேட்கவில்லை.

சனிக்கிழமை கிளினிக்கில் கலைச்செல்வி போனிலிருந்த கோட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முதலில் சாதாரணமாகத்தான் பார்த்தாள். பிறகு போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இது ஷுகர் எறங்குத எறக்கம் இல்ல சேச்சி. ஷுகர் படி எறங்கி வரும். இது கெணத்துல வாளி விட்ட மாதிரி நேரா கீழ போகுது, நேரா மேல வருது. அந்த நேரம் விரல்ல குத்திப் பாத்தீங்களா?"

"கடையில ஆளுங்க முன்னால எங்ஙன குத்தது?"

"குத்தணும். தலை கிறங்குனா குடிச்சிட்டுக் குத்துங்க. ஒண்ணும் தோணல்லன்னா மொதல்ல குத்துங்க, பெறவு குடிங்க. இப்பிடி இல்லாத எறக்கத்துக்கெல்லாம் குளுக்கோஸ் குடிச்சா முந்நூறு ஆகாம என்ன ஆகும்? டாக்டர் இந்தக் கணக்கப் பாத்துட்டு இன்சுலினக் கொறச்சாருன்னா அதவிட வம்பு." அவள் சுசீலாபாயின் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். "இதுமேல அழுத்தம் விழுந்தா அந்த எடத்துல மட்டும் கொறச்சுக் காட்டும். சரிஞ்சு படுப்பீங்களா?"

"கடையில யாரு படுக்கா?"

"சாஞ்சு நிப்பீங்களா?"

சுசீலாபாய்க்குச் சுருக்கென்றது. "நான் சாயுதவ இல்ல சிஸ்டர். இருபத்தெட்டு வருஷம் நேரா நின்ன காலு இது."

அவள் பொய் சொல்லவில்லை. கோலப்பனின் அப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அந்தப் பெரிய முதலாளி, பெண்ணொருத்தியின் முதுகு அலமாரியில் பட்டால் கல்லாவிலிருந்தபடியே இரண்டு தடவை கைதட்டுவார். உட்காருவது என்ற பேச்சே இல்லை. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டுவரை, மாத நாட்களிலும், ஷாலு வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதும், நின்றாள். பிறகு கடைகளில் நிற்கும் பெண்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தது. கோலப்பன் மறுவாரமே செக்ஷனுக்கு ஒன்றாக ஸ்டூல் வாங்கிப் போட்டார். ஷெமி மாதிரிப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சுசீலாபாயின் ஸ்டூலில் லைனிங் துணி ஏறியது. இறங்கவே இல்லை. நின்றே பழகியவள் என்பதில் அவளுக்கு ஒரு கெத்து இருந்தது. பெரிய முதலாளி இறந்த பிறகும் அந்தக் கைதட்டல் அவளுக்குக் கேட்காத நாள் இல்லை.

திங்கட்கிழமை இரண்டு மணி நாற்பது. அலறியது. அறுபத்தி மூன்று. ஷாலுவின் அழைப்பை எடுத்து, "பொறு," என்று மட்டும் சொல்லிவிட்டு, துணிக் கட்டுகளுக்குப் பின்னால் குனிந்து விரலில் குத்தினாள். நூற்று முப்பத்திரண்டு.

"ஷாலு," என்றாள். "நூத்து முப்பத்திரண்டு."

"என்னது? நீ குடிச்சிட்டியா?"

"ஒரு சொட்டு குடிக்கல்ல."

 சிஸ்டர் சொன்னதைச் சனிக்கிழமையே கேட்டிருந்த ஷாலு, "அப்போ அந்த சிஸ்டர் சொன்னதுதான். நீ சாஞ்சு நிக்கற," என்றாள்.

"நீயுமா?"

ஷெமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள். "சேச்சி சாஞ்ஞுதன்னே அல்லே நிக்குந்நது. எப்பவும்."

"யாரு, நானா? நீ பாத்தியா?"

"நான் வந்ந நாள் முதல் காணுந்நு."

சுசீலாபாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேஜையில் கிடந்த நீலத் தையல் சாக்பீஸை எடுத்தாள். துணியில் அளவுக் குறி போடுகிற சாக்பீஸ், தொட்டாலே ஒட்டும். இடது கை ப்ளவுஸில், சென்சார் இருந்த இடத்தின் மேலே, ஒரு ரூபாய் அகலத்துக்கு அழுத்தித் தேய்த்தாள்.

"பாத்துக்கோ. சாயங்காலம் இது இப்பிடியே இருக்கும். இருந்துதுன்னா ஒரு மாசம் எனக்கு நீதான் டீ வாங்கிட்டு வரணும்."

"இல்லெங்கிலோ?"

"இல்லன்னா ஓணத்துக்கு ஒனக்கு ப்ளவுஸ் நான் தச்சுத் தாறேன். கையில முத்து வெச்சு."

மறுபடி கடை ஓய்ந்தது. மழை வருவதுபோல இருண்டு, வராமல் போயிற்று. நான்கு மணிக்கு ஒரு கல்யாணக் கோஷ்டி வந்து, ஒரு மணிநேரம் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு இரண்டு துண்டு மட்டும் வாங்கிப் போனது. ஆறரைக்கு ஷெமி சுசீலாபாயின் பின்னால் வந்து நின்று கையைப் பார்த்தாள். கெக்கேயென்று சிரித்தாள். பொட்டு இருந்த இடத்தில் நீலப் புகை மாதிரி ஒரு தடவல் மட்டும்தான்.

"கட்டு பட்டு அழிஞ்சிருக்கும்," என்றாள் சுசீலாபாய்.

"இவிடே வா சேச்சி."

ப்ளவுஸ் துணி அலமாரியின் ஓரத்தில் ஒரு தேக்குத் தூண். கடை தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே நிற்பது. ஷெமி தன் போன் வெளிச்சத்தை அதன்மீது அடித்தாள். சரியாக சுசீலாபாயின் கையுயரத்தில் நீலம் அப்பியிருந்தது. ஆனால் சுசீலாபாய் அந்த நீலத்தைப் பார்க்கவில்லை. நீலத்தைச் சுற்றியிருந்ததைப் பார்த்தாள். தூண் முழுக்க மங்கிக் கறுத்துக் கிடக்க, அந்த ஓர் இடம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, மெழுகு பூசியதுபோல மின்னியது. லேசாகக் குழிந்துகூட இருந்தது. எத்தனையோ தடவை கண்ணில் பட்ட இடம்தான். துணிக் கட்டு உரசி உரசி அப்படி ஆனது என்று நினைத்திருந்தாள்.

அவள் தூணருகே போய் எப்போதும் நிற்கிற மாதிரி நின்றாள். முதுகு படவில்லை. முதுகு பட்டதே இல்லை. இடது கையின் பின்புறம் மட்டும், பூட்டுக்குள் சாவி போவதுபோல, அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. உடம்பின் பாதிக் கனம் அதில் இறங்கியது. இரண்டு கால்களும் அப்பாடா என்றன. கல்லாவிலிருந்து பார்த்தால் நேராக நிற்பதுபோலத்தான் தெரியும்.

"அட என் கர்த்தாவே," என்றாள் சுசீலாபாய்.

ரயிலிலும் அதேதான். நிற்கிற நாட்களில் இருக்கையின் மூலைக்கு அவள் கொடுத்தது இதே கையைத்தான்.

சத்தம் கேட்டுக் கோலப்பன் வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவளைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், விரலால் அந்தக் குழியைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் என்ன வந்தது என்று சொல்ல முடியாது. அப்பாவின் கைதட்டல் அவருக்கும் கேட்டிருக்கலாம்.

"இருபத்தெட்டு வருஷமா என் கடைத் தூணத் தேச்சிருக்கியே," என்றார் கடைசியில்.

"பாலீஷ் போட்டதுக்குக் கூலி எங்க மொதலாளி?"

கோலப்பன் சிரித்துவிட்டார். ஆனால், "அத்தம் கழியட்டும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஏணி ஷெமியின் பக்கத்திலேயே இருந்தது.

அடுத்த சென்சாருக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளில் சுசீலாபாய் தன் உடம்பை ஒரு துணியைப்போல அளந்தாள். வலது கை ப்ளவுஸில் மேலிருந்து கீழாக ஐந்து நீலப் பொட்டுகள் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். முதல்நாள் மாலையில் மேல் பொட்டு அழிந்திருந்தது, கட்டைத் தோளில் போடும்போது உரசுகிற இடம். கடைசி இரண்டும் போயிருந்தன, அளக்கும்போது மேஜை விளிம்பில் படுகிற இடம். முன்பக்கமாக இருந்த ஒன்றைப் பையின் வார் தின்றிருந்தது. பின்பக்கமாகச் சற்று உள்ளே தள்ளி, நடுவில் ஒரு பொட்டு மட்டும் நான்கு நாளும் அழியாமல் இருந்தது. ஆனால் ப்ளவுஸ் கையின் விளிம்பு சரியாக அங்கேதான் இறுக்கிப் பிடித்தது. வீட்டில் உட்கார்ந்து ஐந்து ப்ளவுஸின் வலது கைத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த அரை அங்குலத்தை வெளியே விட்டுத் தைத்தாள். ஒரு கை இறுக்கம், ஒரு கை தளர்வு. யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தெரியட்டும்.

பதினான்காம் நாள் பழைய சென்சாரைக் கழற்றிவிட்டு, புதியதைக் கையில் வைத்துக்கொண்டு ஷெமியைக் குடோனுக்குக் கூப்பிட்டாள். வலது கையின் பின்புறத்துக்கு இடது கை எட்டவில்லை.

"நானோ? அய்யோ, எனிக்கு ஊசி கண்டாலே கிறக்கம்."

"நீயா நானா ஷுகர்காரி? வா இஞ்ச. சோப்புப் போட்டாச்சு. நாலு நாளா அந்தப் பக்கம் எண்ணெ காட்டல்ல. ஸ்பிரிட்டால தொடச்சாச்சு, காஞ்சும் போச்சு. பொட்டு வெச்ச எடம் தெரியுதா?"

இந்தத் தடவை அவள் தோலிலேயே பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். ஷெமி பிஸ்மி சொல்லிக்கொண்டு கருவியை வட்டத்தில் வைத்தாள்.

"அழுத்து."

"வேதனிக்குமோ?"

"எனக்கா ஒனக்கா? அழுத்து பிள்ளே!"

ஷெமி கண்களை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள். டக்கென்றது. கண்ணைத் திறந்து, "கழிஞ்ஞோ?" என்றாள். துணிக் கட்டின்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வேண்டியிருந்தது அவளுக்குத்தான்.

ஒரு மணிநேரம் கழித்து முதல் எண் வந்தது. நூற்று நாற்பத்தொன்று. விரலில் குத்திப் பார்த்தாள். நூற்று முப்பத்தெட்டு. பிற்பகல் இரண்டரை வந்தது. மூன்று வந்தது. சுசீலாபாய் தன் பழைய தூணில் தன் பழைய குழியில் இடது கையைக் கொடுத்து, நன்றாக, மனதார, அரை மணிநேரம் சாய்ந்து நின்று பார்த்தாள். போன் ஊமையாகக் கிடந்தது.

அன்றிலிருந்து ஷாலு அலுவலகத்தில் நிம்மதியாக உட்கார்ந்தாள். நான்காம் நாள் அவளே கூப்பிட்டு, "என்னம்மா, போனே வரல்ல, எனக்கு போரடிக்குது," என்றாள்.

அத்தத்தன்று காலையிலிருந்தே கடைக்குள் நிற்க இடமில்லை. சாலை முழுக்கப் பூக்கடைகள், வாடாமல்லியும் செண்டுமல்லியும் குவியல் குவியலாக, மனிதர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு. மதியச் சாப்பாட்டை ஒன்றரைக்குச் சாப்பிட வேண்டிய சுசீலாபாய் மூன்றாகியும் சாப்பிடவில்லை. பொன் சரிகைக் கரை போட்ட கசவுப் புடவைக்கு ப்ளவுஸ் துணி கேட்டு எட்டுப் பேர் முன்னால் நின்றார்கள். எல்லாக் கசவும் ஒரே பொன் நிறம் என்று நினைப்பவர்களுக்கு அதில் ஏழு பொன் உண்டு என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

போன் அலறியது.

தூணிலிருந்து அவள் நான்கடி தள்ளி நின்றிருந்தாள். எதன்மேலும் சாயவில்லை. அறுபத்தெட்டு. குனிந்து விரலில் குத்தினாள். அறுபத்தாறு. இரண்டும் ஒன்றையே சொன்னன. தலை சுற்றவில்லை, கை நடுங்கவில்லை, கண்ணுக்கு எதிரே ஏழு பொன்னும் ஏழாகவே தெரிந்தன. உடம்பு வழக்கம்போலச் சும்மாதான் இருந்தது. ஆனால் உடம்பு சொல்லாததை வேறொன்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. வாங்கி ஒட்டியதிலிருந்து முதல்முறையாக அந்தச் சத்தம் அவளுக்கு இனிமையாகக் கேட்டது.

நிமிர்ந்தபோது கோலப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. சுசீலாபாய் அவசரப்படவில்லை. குளுக்கோஸை எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். பிறகு ஸ்டூலின் மேலிருந்த லைனிங் துணிக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே வைத்தாள். அடியில் ஸ்டூல் புதிதாகவே இருந்தது. கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டுகூடக் கிழியவில்லை. கடையில் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அதில் உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை.

"அக்கா, பதினஞ்சு நிமிஷம்," என்றாள் எதிரே நின்ற பெண்களிடம். "எனக்கு ஷுகர் எறங்கிருக்கு. இருந்துட்டு எடுத்துத் தாறேன்."

"இருங்கம்மா, இருங்க," என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுலயும் உண்டு."

கோலப்பன் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. "என்ன? தலை சுத்துதா?"

"சுத்தல்ல மொதலாளி. சுத்துகதுக்கு முன்னயே சொல்லிட்டு." போனையும் குளுக்கோமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "பாருங்க. ஆட்டோ பிடிக்கணுமா?"

அவர் இரண்டு எண்களையும் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் அவள் தலையை அவர் மேலிருந்து பார்ப்பது அதுதான் முதல்முறையாக இருக்க வேண்டும். வகிட்டில் நரை இருந்தது.

"இன்னைக்கு எவன் ஆட்டோ தருவான், இந்தத் தெரக்குல," என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால், அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றார். "யாருக்கம்மா அடுத்தது? புடவையக் காட்டுங்க."

ஒரு பெண் காபிப்பொடி நிறப் பட்டுப் புடவை ஒன்றின் முனையை நீட்டினாள். கோலப்பன் அதைப் பார்த்தார், திரும்பினார், அலமாரியில் கொஞ்சம் தடுமாறி ஒன்றை உருவிப் போட்டார்.

ஸ்டூலிலிருந்து சுசீலாபாயின் குரல் வந்தது.

"மொதலாளி, அது மெரூன்."